கீபோர்டுக்காரன் முதுகும் கீபோர்டின் வரலாறும்

இந்த முறை இசையைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ராகம், தாளம் எல்லாம் இல்லை. எடையைப் பற்றி! சிரிக்காதீர்கள். கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எனக்கு அது கிலோ கணக்காகத்தான் தெரிகிறது.

கிடார் வாசிக்கிறவன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவான். புல்லாங்குழல்காரருக்கு ஒரு ஜோல்னாப்பை போதும். பியானோ வாசிக்கிறவர் என்ன செய்வார்? போகிற இடத்தில் என்ன பியானோ இருக்கிறதோ அதைத்தான் வாசிக்க வேண்டும். அது சுருதி சேராமல் கிடக்கலாம், நாலு கட்டை அமுங்காமல் இருக்கலாம், உள்ளே எலி குடும்பம் நடத்தலாம். கேட்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது, வாசித்தவன் மேல்தான் பழி விழும். இந்தப் பழியிலிருந்து தப்பிக்க, தன் கருவியைத் தானே தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியவர்களின் கதைதான் இது.

முதலில் ஹம்மண்ட் ஆர்கன். அமெரிக்காவில் லாரன்ஸ் ஹம்மண்ட் என்ற பொறியாளர் மின்கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். கடிகாரத்துக்காகச் செய்த மோட்டாரை வைத்தே 1934ல் ஆர்கனுக்குக் காப்புரிமை வாங்கினார், 1935ல் விற்பனைக்கு வந்தது. உள்ளே 91 பல்சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுழலும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்துக்கான மின்னலையை உண்டாக்கும். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்குத்தான் இதை முக்கியமாக விற்றார்கள். 1954ல் வந்த பி-3 என்ற மாடல்தான் பிற்பாடு உலகப்புகழ் பெற்றது. எடை? பெஞ்ச், கால் பெடல் எல்லாம் சேர்த்துச் சுமார் 190 கிலோ. இதோடு நல்ல சத்தம் வேண்டுமானால் லெஸ்லி ஸ்பீக்கர் வேண்டும். டான் லெஸ்லி என்பவர் கண்டுபிடித்த, உள்ளே கொம்பு சுழலும் மரப்பெட்டி அது. ஒரு சிறிய பீரோ மாதிரி இருக்கும், அது தனியாக 60 கிலோவுக்கு மேல்.

தேவாலயத்தில் ஒரு மூலையில் நகராமல் இருக்கவேண்டிய இந்தச் சாமானை, 1950களில் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் நின்றவர் ஜிம்மி ஸ்மித், ப்ளூ நோட் நிறுவனத்தில் 1956ல் அவருடைய முதல் இசைத்தட்டுகள் வந்தன. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் தூக்கவேண்டும்? எனக்குத் தோன்றும் காரணம் கலை மட்டும் இல்லை, கணக்கும்தான். பி-3ல் இடது கையாலும் காலாலும் பாஸ் வாசித்துவிடலாம். ஆர்கன், கிடார், டிரம்ஸ், மூன்றே பேர் போதும், முழுக்குழுவின் சத்தம் வந்துவிடும். சின்ன கிளப் முதலாளிக்கு ஒரு சம்பளம் மிச்சம். பாஸ் வாசிக்கிறவனுடைய சம்பளம், அவ்வளவுதான். ஆர்கனை ஏற்ற வசதியாக இருக்கிறது என்று சவ வண்டி வாங்கியவர்கள்கூட உண்டு! பின்பக்கம் நீளமான இடம், தாழ்வான தளம், பெரிய கதவு. யோசித்துப் பார்த்தால் சரியான தேர்வுதான் :)

இன்னும் முரட்டு ஆட்கள் ஆர்கனின் மரப்பெட்டியையே அறுத்து, இரண்டு துண்டாகத் தூக்கும்படி மாற்றிக்கொண்டார்கள். ‘ஆர்கனை வெட்டித் தருகிறோம்’ என்று இதையே தொழிலாகச் செய்த பட்டறைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தன.

ஹம்மண்டில் இன்னொரு வேடிக்கை. அதன் மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50. அமெரிக்க ஆர்கனை அப்படியே இங்கே கொண்டுவந்து செருகினால் (110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் போட்டாலும்கூட) மோட்டார் மெதுவாகச் சுற்றும், மொத்த ஆர்கனும் மூன்று அரைஸ்வரத்துக்குச் சற்று அதிகமாக இறங்கிவிடும். நம் பாஷையில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை கீழே. அதனால் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஹெர்ட்ஸ் மாற்றும் கருவியையும் சேர்த்துத் தூக்கவேண்டும். கரண்டு ஒரு வினாடி போய் வந்தால் இன்னும் மோசம். அந்த மோட்டார் தானாகக் கிளம்பாது. ‘ஸ்டார்ட்’ சுவிட்சைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு ‘ரன்’ சுவிட்சைப் போடவேண்டும். நம் ஊர்த் திருவிழா மேடையில் இதை வைத்து வாசிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்...

சரி, பியானோ பக்கம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஆள் ரே சார்லஸ். பார்வையற்றவர். போகிற இடமெல்லாம் கிடைக்கிற பியானோக்களின் லட்சணம் பொறுக்காமல், வுர்லிட்சர் என்ற எலக்ட்ரிக் பியானோவைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். அதில் கம்பிகள் இல்லை, சின்னச் சின்ன எஃகு நாக்குகள், சுத்தியல் அவற்றைத் தட்டும். பொம்மைச் சாமான் என்று மற்ற இசைக்காரர்கள் கேலி செய்தார்கள். 1958 டிசம்பரில் ஒரு நடன நிகழ்ச்சியில் வைத்திருந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது, நேரம் மீதி இருக்கிறது. வாயில் வந்ததைப் பாடிச் சமாளித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. அதுதான் 1959ல் ‘வாட்ட் ஐ சே’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்து பெருவெற்றி பெற்றது. பாட்டு தொடங்குவதே அந்த வுர்லிட்சரில்தான். அதற்கப்புறம் யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை! நல்ல பியானோ உள்ள ஊர்களிலேயே அவர் வாசித்திருந்தால் அந்தச் சத்தம் நமக்குக் கிடைத்திருக்குமா?

வுர்லிட்சருக்குப் போட்டி ரோட்ஸ். ஹெரால்ட் ரோட்ஸ் இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். படுக்கையிலேயே மடியில் வைத்து வாசிக்க, பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்களை எடுத்து 29 கட்டையில் குட்டிப் பியானோ செய்தார். நோயாளி மடியில் தாங்கிய அந்தச் சாமான் வளர்ந்து வளர்ந்து 1970ல் ‘ஸ்டேஜ்’ மாடலாக மேடைக்கு வந்தபோது ஏறக்குறைய 59 கிலோ. (மேடைக்கு என்று பெயர் வைத்தவர் அதைப் படியேற்றிப் பார்த்தாரா என்பது என் சந்தேகம்.) பலமாக வாசித்தால் உள்ளே இருக்கும் உலோகக் கம்பி ஒடியும். வாசிக்கிறவர்கள் பையில் உபரிக் கம்பிகள் வைத்திருப்பார்கள், கிடார்க்காரன் மாதிரி.

எடைப் பிரச்சனைக்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல விடை கிடைத்தது. 1962ல் வந்த வாக்ஸ் கான்டினென்டல், டிரான்சிஸ்டர் ஆர்கன். கறுப்பு வெள்ளைக் கட்டைகள் நிறம் மாறி இருக்கும், கால்களைக் கழற்றிக் காரில் போட்டுக்கொள்ளலாம். ஹம்மண்டோடு ஒப்பிட்டால் சத்தம் மெலிசுதான். ஆனால் 1965ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஜான் லென்னன் முழங்கையால் வாசித்தது இதைத்தான்.

1970களில் கதை தலைகீழாகிறது. இப்போது பிரச்சனை ஒரு கருவியின் எடை இல்லை, கருவிகளின் எண்ணிக்கை. 1970ல் வந்த மினிமூக் சின்தசைசர் தூக்கக்கூடிய சாமான்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, இருட்டு மேடையில் ஒரு டஜன் குமிழ்களைத் திருப்பவேண்டும். மேடை விளக்கின் சூட்டில் சுருதியும் நகரும். வயலின் கூட்டம் வேண்டுமா? மெல்லோட்ரான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப், அழுத்தினால் 8 வினாடி ஓடும், பிறகு கையை எடுத்தே ஆகவேண்டும். லாரியில் குலுங்கினால் டேப் இடம் மாறும். எல்லாச் சத்தமும் வேண்டுமென்றால் எல்லாக் கருவியும் வேண்டும். ‘யெஸ்’ குழுவின் ரிக் வேக்மன் ஒன்றுக்கு மேற்பட்ட மினிமூக்குகளே வைத்திருந்தார், குமிழைத் திருப்ப நேரமில்லாததால் ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம்! படங்களில் பார்த்தால் கருவிகளால் கோட்டை கட்டி நடுவில் மேலங்கி போட்ட ராஜா மாதிரி நிற்பார்.

இவரைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லாமல் போகமுடியாது. கச்சேரி நடக்கும்போது ஏதாவது கோளாறானால் சரிசெய்ய, அவருடைய உதவியாளர் ஹம்மண்டுக்கு அடியிலேயே படுத்திருப்பாராம். 1973ல் மான்செஸ்டரில் நீளமான பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கச்சேரி முடிந்து சாப்பிட என்ன வேண்டும் என்று உதவியாளர் கீழேயிருந்து கேட்க, இவர் கறி வகைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் கச்சேரி முடிந்ததும் என்பதைக் காதில் வாங்காமல் உடனே வாங்கிவந்துவிட்டார். வேக்மன் மேடையிலேயே ஆர்கன் மேல் வைத்துச் சாப்பிட்டார்! வேக்மன் பலமுறை சொன்ன கதை இது. எல்லோரும் கறிக்குச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த அடியில் படுத்திருந்த ஆள்தான் கண்ணில் நிற்கிறார். கருவி வேலைசெய்ய ஒரு மனிதன் கீழே படுத்திருக்கவேண்டியிருந்தது. பெரிய குழுவுக்கு அது கட்டுப்படியாகும். கல்யாண வீட்டில் வாசிக்கிறவனுக்கு?

அந்தச் சாதாரண ஆளைக் காப்பாற்றியவை இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, 1978ல் டேவ் ஸ்மித் கொண்டுவந்த ப்ராஃபெட்-5. ஐந்து ஸ்வரம் ஒன்றாக வரும், அதைவிட முக்கியம், 40 சத்தங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் சத்தம் மாறும். இன்று 300 ரூபாய் பொம்மை கீபோர்டிலும் இருக்கிற இந்தப் பட்டன் அன்றைக்குப் பெரிய புரட்சி. இரண்டாவது, மிடி. ஒரு கம்பெனி கருவியை இன்னொரு கம்பெனி கருவியோடு பேசவைக்கும் ஏற்பாடு. 1983 ஜனவரியில் அமெரிக்க வணிகக் கண்காட்சி ஒன்றில் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்ட் ஜுபிடர்-6ஐயும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது. அப்புறம் ஏன் ஏழு கீபோர்டு? ஒரு கீபோர்டும், கட்டைகள் இல்லாத சில சத்தப்பெட்டிகளும் போதும். இதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் காகேஹாஷிக்கும் 2013ல் தொழில்நுட்ப கிராமி கொடுத்தார்கள். முப்பது வருஷம் லேட்!

அதே 1983ல்தான் யமஹா டிஎக்ஸ்7. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறையில் சத்தம் உண்டாக்கும் டிஜிட்டல் கருவி. அந்தக் கண்டுபிடிப்பை முதலில் ஹம்மண்ட் உட்பட அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம்தான் காட்டினார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள், ஜப்பான்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 16 ஸ்வரம் ஒன்றாக, விலை 2000 டாலருக்குச் சற்றுக் குறைவு, எடை 14 கிலோ சொச்சம். ரோட்ஸ் மாதிரியே ஒரு சத்தம் அதற்குள் இருந்தது. உண்மையான ரோட்ஸ் மாதிரி இல்லை, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு அதிகம். ஆனாலும் 59 கிலோவா 14 கிலோவா என்று கேட்டால் முதுகு என்ன பதில் சொல்லும்? லட்சத்துக்கு மேல் விற்றது டிஎக்ஸ்7. ரோட்ஸ் தயாரிப்பு 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. எது நல்ல சத்தம் என்ற போட்டியில் ரோட்ஸ் தோற்கவில்லை என்பது என் கட்சி. மாடிப்படியில் தோற்றது.

எல்லோரும் மகிழ்ந்தார்களா என்றால் இல்லை. 1982ல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசர்களைத் தடைசெய்யவேண்டும் என்று தீர்மானமே போட்டது. ஒரு பாடகர் தன் சுற்றுப்பயணத்தில் வாத்தியக்குழுவுக்குப் பதிலாகச் சின்தசைசர் வைத்துக்கொண்டதுதான் அதற்குத் தூண்டுதல். தடையெல்லாம் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் பயந்தது பொய்யில்லை. 1988ல் கோர்க் எம்1 வந்தது. டிரம்ஸ், பாஸ், வயலின், பியானோ எல்லாம் ஒரே பெட்டியில், பதிவுசெய்து திரும்ப ஓடவிடும் வசதியோடு. முன்பு ஹம்மண்ட் ஒரு பாஸ்காரன் சம்பளத்தைச் சாப்பிட்டது என்றால் இது பந்தியையே சாப்பிட்டது.

நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் எடைப் பிரச்சனையை எப்போதோ தீர்த்த கருவி ஒன்று இருந்தது, ஹார்மோனியம். ஐரோப்பாவிலிருந்து காலால் மிதிக்கும் பெரிய கருவியாக வந்ததை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி போடும் சிறு பெட்டியாக மாற்றினார். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற நமக்கு அது பொருந்தியது. தமிழ் நாடக மேடையில் மட்டும் கால் ஹார்மோனியம் தொடர்ந்தது, இரண்டு கையும் வாசிக்கக் கிடைக்குமே. பாடகர் சுருதியை நாம் ‘கட்டை’ என்று சொல்வதே இந்தக் கட்டைகளை வைத்துத்தான். முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்த கறுப்பு ஒன்றரை, இப்படி. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள், ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது!

இந்த ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ல் தடைசெய்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே விடவில்லை. கமகம் வராது, ஸ்வரங்கள் அசையாமல் நிற்கும் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அது நியாயமான குறைதான். அதற்கு மருந்து பிற்காலக் கீபோர்டுகளின் இடது ஓரத்தில் இருக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம். மேற்கே கிடார் மாதிரி இழுத்துக் காட்ட உதவும் இதை, கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிக்கும் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் கமகத்துக்கே பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் கீபோர்டு வாங்குகிறவர்கள் கட்டை எத்தனை என்று பார்ப்பதற்கு முன் இந்தச் சக்கரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பேன். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது.

கீபோர்டு நம் ஊரில் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தது என்பதற்கு ஏ.ஆர். ரஹ்மான் குடும்பமே சாட்சி. அப்பா ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் இருந்தவர், 1976ல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. குடும்பம் சாப்பிட்டது அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு. விற்றிருந்தால் ஒருதடவை பணம் வந்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும். பிறகு பையனே கீபோர்டு வாசிக்கப் போனான், இளையராஜா குழு உட்பட. 1992ல் ‘ரோஜா’.

மெல்லிசைக் குழுக்களின் தேவை தனி. ஒரே இரவில் எம்.எஸ்.வி. பாட்டின் அக்கார்டியன், ராஜா பாட்டின் வயலின்கள், ரஹ்மான் பாட்டின் ஏதோ ஒரு பெயர் தெரியாத சத்தம், எல்லாம் வேண்டும். 1990களின் பின்பாதியில் வந்த ரோலண்ட் எக்ஸ்பி வரிசை இங்கே மேடைகளில் அப்படி ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம். சத்தங்களை நாமே மாற்றி, பாட்டு வரிசைப்படி அடுக்கிவைக்கலாம். யமஹாவும் தபேலா, டோலக் தாளங்களோடு இந்தியாவுக்கென்றே மாடல்கள் விட்டது. 2019ல் சென்னைக்கு அருகே தொழிற்சாலையும் போட்டது. டிரான்ஸ்போஸ் பட்டன் இன்னொரு வரம். பாடகிக்கு ஐந்தரைக் கட்டை, அடுத்துப் பாடுகிறவருக்கு ஒன்றரை. விரலை மாற்றவேண்டாம், பட்டனை மாற்றினால் போதும். (ஹார்மோனியக்காரர்கள் இதைத் திருட்டு வேலை என்பார்கள்.)

மேற்கே 2001ல் ஸ்வீடனின் நார்ட் எலக்ட்ரோ என்ற சிவப்புக் கீபோர்டு வந்தது. ஹம்மண்ட், லெஸ்லி, ரோட்ஸ், வுர்லிட்சர் என நான்கின் சத்தமும் 10 கிலோவுக்குள். மேலே சொன்ன எடைகளைக் கூட்டிப் பாருங்கள், 300 கிலோவைத் தாண்டும். இப்போது லேப்டாப்பிலேயே எல்லாம் வைத்து வாசிக்கிறார்கள். அதிலும் இரண்டாவதாக ஒரு கீபோர்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். லேப்டாப் பாட்டு நடுவில் ‘அப்டேட்’ கேட்டால், அடியில் படுத்திருக்க நமக்கு ஆள் கிடையாது.

எங்கள் தெருவில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எதைப் பார்த்துக் கருவி வாங்குவீர்கள் என்று கேட்டேன். சத்தத்தைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ரிப்பேர் பண்ண ஆள் பக்கத்துல இருக்கணும் தம்பி, ஜெனரேட்டர் கரண்ட்டைத் தாங்கணும், பைக் பின்னாடி வெச்சுக் கட்டுற நீளத்துல இருக்கணும்” என்றார். அதனால்தான் 88 கட்டை வேண்டாம் என்று 61 கட்டையோடு இருக்கிறாராம். ஸ்டாண்ட், சஸ்டெய்ன் பெடல், உபரி அடாப்டர், ஒரு சின்ன யு.பி.எஸ்., இவையெல்லாம் தனிப் பையில். அவருக்குச் சம்பளம் இரண்டு வகை. ஆள் மட்டும் வந்தால் ஒரு தொகை, கீபோர்டோடு வந்தால் இன்னொன்று. கீபோர்டோடு போனால்தான் கட்டுப்படியாகிறது என்கிறார், பைக்கில் கயிறு கட்டிக்கொண்டே.